கடனை அடைப்பதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கினால், கடனை அடையுங்கள்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் ஆள்சேர்ப்புக்கும் ஊதியத்துக்கும் பொறுப்பானவர்களுக்கும், கல்வித் துறையின் மாணவர் நிதியுதவி அலுவலகத்துக்கும்:

ராணுவத்தில் சேர்ந்தால் கல்லூரிக் கடனை அரசே அடைத்துவிடும் என்று சொல்லி ஆள் எடுக்கிறீர்கள். தரைப்படையும் கடற்படையும் சொல்லும் உச்சவரம்பு 65,000 டாலர். மாநிலங்களின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டில் 50,000 டாலர். திட்டம் சட்டத்தில் இருப்பதுதான், அதில் பொய் இல்லை. ஆனால் மூன்றாண்டு சேவையை முழுதாக முடித்த ஒருவர் வெளியே வரும்போது, பழைய கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்னும் அவர் பெயரில் நிற்க முடியும். அவர் எந்தத் தவறும் செய்யாமலேயே இது நடக்கும், ஏனென்றால் திட்டத்தின் கணக்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது. சேர்க்கும் நாளில் இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை. இதை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் வளர்ந்த பிள்ளைகள் படைக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டரைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் பேசும்போது, அந்தப் பேச்சு பாதிக்கு மேல் தமிழில்தான் நடக்கிறது. கடனில் ஒரு பகுதி அப்பா அல்லது அம்மாவின் பெயரில் இருக்கிறது. பெற்றோருக்கு இந்திய வங்கிக் கல்விக் கடன் தெரியும், இங்கே அமெரிக்க மத்திய அரசு தரும் கூட்டாட்சிக் கடனின் விதிகள் தெரியாது. தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரை விசாவில் இருக்கும்போதே படையில் சேர்த்த, 2016இல் நிறுத்தப்பட்ட மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது என்பதால், விசாவில் இருப்பவர்களும் சேரலாம் என்ற பழைய செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்றைய நிலை வேறு. குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கூட்டாட்சிக் கடனும் கிடைக்காது, இந்தத் திட்டமும் பொருந்தாது. ஊரில் வங்கியில் வாங்கிய கடனையோ இங்குள்ள தனியார் கடனையோ ராணுவம் தொடுவதே இல்லை. ரெக்ரூட்டர் "ஸ்டூடன்ட் லோன்" என்று பொதுவாகச் சொல்லும்போது எல்லாக் கடனும் அதில் அடங்கும் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்கிறார்.

கணக்குக்கு வருகிறோம். பெற்றோரைச் சார்ந்த ஒரு மாணவர் நான்காண்டு இளங்கலைப் படிப்புக்குத் தம் பெயரில் வாங்கக்கூடிய கூட்டாட்சிக் கடன், ஆண்டுவாரியாக 5,500, 6,500, 7,500, 7,500. மொத்தம் 27,000 டாலர். வட்டி 5.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், 2023-24இல் வாங்கிய இளங்கலைக் கடனுக்கு இருந்த விகிதம் அது. படிக்கும் காலத்தில் சேர்ந்த வட்டியைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

தரைப்படையில் மூன்றாண்டு ஒப்பந்தம். ஒவ்வொரு முழு ஆண்டும் முடிந்த பிறகு அசலில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 1,500 டாலர், இரண்டில் எது அதிகமோ அது. 27,000க்கு 9,000. மூன்று முறை 9,000 என்றால் கடன் முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பார். ஆனால் அந்த 9,000 முழுதாகக் கடனுக்குப் போய்ச் சேர்வதில்லை. அது வீரரின் வருமானமாகக் கருதப்பட்டு, 22 சதவீதம் கூட்டாட்சி வரி முதலிலேயே பிடிக்கப்படுகிறது. 1,980 போய்விட்டது. கடன் கணக்குக்கு வருவது 7,020.

இடைப்பட்ட காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்று ஃபோர்பேரன்ஸ் கொடுக்கிறார்கள். தவணைதான் நிற்கிறது, வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. முதல் ஆண்டு வட்டி 1,485. ராணுவம் அசலைக் கணக்கிட்டுப் பணம் அனுப்புகிறது, கடன் கணக்கை நிர்வகிக்கும் நிறுவனமான சர்வீசரோ வந்த பணத்தில் முதலில் வட்டியைக் கழிக்கிறார். கணக்கு அறிக்கையில் அந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும்: வரவு 7,020, வட்டிக்கு 1,485, அசலுக்கு 5,535, நிலுவை 21,465. இரண்டாம் ஆண்டு முடிவில் நிலுவை சுமார் 15,626. மூன்றாம் ஆண்டு முடிவில் சுமார் 9,465. ஒப்பந்தம் முடிந்தது, திட்டமும் முடிந்தது, அடுத்த மாதத்திலிருந்து தவணை அவர் தலையில்.

இந்தக் கணக்கும்கூடப் பணம் ஆண்டு நிறைந்த அன்றே வந்து சேர்ந்தால்தான். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 27,000 டாலர் மீது நான்கு டாலருக்கு மேல் வட்டி ஏறுகிறது. விவரம் தெரிந்தவர் மாதாமாதம் வட்டியையாவது, அதாவது முதல் ஆண்டில் மாதம் சுமார் 124 டாலர், தம் சம்பளத்திலிருந்து கட்டி வருவார். அப்படிக் கட்டினாலும் கடைசியில் 5,940 டாலர் நிற்கும். 27,000இல் சரியாக 22 சதவீதம். வரியாகப் பிடித்த தொகை அப்படியே கடனாகத் திரும்பி நிற்கிறது.

வரி அதிகமாகப் பிடிக்கப்பட்டிருந்தால் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஒரு பகுதி திரும்ப வருமே என்று நீங்கள் சொல்லலாம். வரும். குறைந்த ஊதியத்தில் இருக்கும் சிப்பாய்க்குப் பெரும்பாலும் 22 சதவீதம் வராது. ஆனால் அந்தப் பணம் அடுத்த வசந்தகாலத்தில் அவருடைய வங்கிக் கணக்குக்கு வருகிறது, கடன் கணக்குக்கு வருவதில்லை. அது கடனுக்காக ஒதுக்கிய பணத்தின் மிச்சம், அதை எடுத்துக் கடனில் போடு என்று சொல்லித்தர ஆள் இல்லை. இன்னொரு பக்கம், 9,000 டாலர் அவருடைய ஆண்டு வருமானத்தில் கூடுவதால், வருமானத்தைப் பொறுத்துத் தவணை கணக்கிடும் திட்டத்தில் இருந்தால் மறுஆண்டுத் தவணையும் ஏறுகிறது. போர்மண்டலத்தில் இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் இந்தத் தொகையில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு வரிவிலக்கு உண்டு என்று வருமானவரித் துறையின் படைவீரர் வழிகாட்டி சொல்கிறது. அதைப் படித்துப் பார்த்துக் கேட்டு வாங்கும் வீரர்கள் மிகக் குறைவு.

இந்த வரி எங்களுக்கு நியாயமாகவே படவில்லை. நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர் திட்டத்தில் மருத்துவ வசதி குறைந்த ஊர்களில் பணிபுரிபவர்களின் கடனை இதே அரசு அடைக்கிறது. அதற்கு 2004 முதல் வரி கிடையாது. பொதுச் சேவைக் கடன் தள்ளுபடித் திட்டமான பி.எஸ்.எல்.எஃப்.-இல் பத்தாண்டு கழித்து எவ்வளவு தள்ளுபடி ஆனாலும் கூட்டாட்சி வரி கிடையாது. துப்பாக்கி பிடிக்கும் சிப்பாய்க்கு மட்டும் ஏன் வரி? சட்டத்தை மாற்ற வேண்டியது காங்கிரஸ் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் காங்கிரஸிடம் போய் இதைக் கேட்க வேண்டியது நீங்கள். அதுவரை குறைந்தபட்சம் 9,000 என்று சொல்லும் இடத்தில் 7,020 என்று சொல்லுங்கள்.

அடுத்தது, படைவீரர்களின் படிப்புச் செலவுக்கு அரசு பணம் தரும் ஜி.ஐ. பில். இதில்தான் குடும்பங்கள் அதிகம் இழக்கின்றன. முழுநேரப் படையில் கடன் அடைப்புத் திட்டத்தை எடுப்பவர் அதன் பழைய வடிவமான மான்ட்கோமரி ஜி.ஐ. பில்லை வேண்டாம் என்று டி.டி. 2366 படிவத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். அது கையெழுத்துப் போடும் தாளிலேயே இருப்பதால் ஓரளவு தெரிந்துவிடுகிறது. தெரியாமல் போவது வேறொன்று. கடன் அடைப்புக்காகக் கணக்கில் எடுத்த சேவைக் காலம், புதிய வடிவமான போஸ்ட் 9/11 ஜி.ஐ. பில்லுக்கான தகுதிக் காலத்தில் சேராது. முழுச் சலுகைக்கு 36 மாதச் சேவை தேவை. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் மூன்றாண்டும் கடனுக்கே போய்விட்டால் கையில் பூஜ்யம். நான்கு ஆண்டு இருந்தால் எஞ்சுவது 12 மாதம், அதற்கு 60 சதவீதச் சலுகை. முழுச் சலுகை வேண்டுமென்றால் ஆறு ஆண்டு இருக்க வேண்டும்.

36 மாதக் கல்விக் கட்டணம், தங்கும் செலவுக்கான மாத உதவித்தொகை, புத்தகச் செலவு என்று போஸ்ட் 9/11 திட்டம் தருவதன் பக்கத்தில், மூன்று தவணையாக 7,020 டாலர் எந்த மூலைக்கு? ஏற்கெனவே பட்டம் வாங்கியவர், மேற்படிப்பு வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர், இதைத் தெரிந்தே எடுத்தால் சரி. முதுகலை படிக்கும் எண்ணம் உள்ளவர் எடுத்தால் நஷ்டம். நீண்ட காலம் பணியில் இருந்து அந்தச் சலுகையைப் பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்க நினைப்பவருக்கும் இது பெரிய முடிவு. இதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். இரண்டு பத்தி, ஒரு அட்டவணை, அவ்வளவுதான்.

பட்டதாரிகள் விஷயத்தில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தரைப்படையின் இந்தத் திட்டம் சிப்பாயாகச் சேர்பவர்களுக்கு. சட்ட அதிகாரி, மருத்துவ அதிகாரி போன்ற சில பிரிவுகளுக்குத் தனித் திட்டங்கள் உண்டு. பொதுவாக அதிகாரியாகச் சேர்பவருக்கு இது கிடையாது. பட்டத்தோடு சிப்பாயாகச் சேர்பவர் ஈ-4 என்ற சிப்பாய் ஊதிய நிலையில் தொடங்கலாம். 2025 ஊதியப் பட்டியலில் புதிய ஈ-4க்கு மாதம் சுமார் 3,000 டாலர் அடிப்படை ஊதியம், அதிகாரிகளின் தொடக்க நிலையான ஓ-1இல் புதியவருக்குச் சுமார் 4,000. ஆண்டுக்கு வித்தியாசம் 11,000 டாலருக்கு மேல். 9,000 டாலர் கடன் உதவிக்காக 11,000 டாலர் ஊதியத்தை விட்டுக்கொடுக்கிறார் ஒருவர், அதுவும் தெரியாமல். அதிகாரிப் பயிற்சிக்கு இடம் கிடைப்பது சுலபமில்லை, குடியுரிமையும் வேண்டும். ஆனாலும் முயன்று பார்க்கத் தகுதி உள்ளவரிடம் அந்த வழி இருக்கிறது என்று சொல்ல வேண்டாமா? ரெக்ரூட்டருக்குச் சிப்பாய் எண்ணிக்கையில்தான் இலக்கு. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை, இலக்கை வைப்பவர்கள் நீங்கள்.

இனி படிவம். கடன் அடைப்புப் பணத்துக்கு ஒவ்வொரு ஆண்டும் நிரப்ப வேண்டியது டி.டி. 2475. வீரரின் விவரமும் சேவைத் தேதிகளும் ஒரு பகுதி, கடன் கொடுத்தவர் நிரப்ப வேண்டியது ஒரு பகுதி. ஆண்டு நிறைந்ததும் அலுவலகம் சரிபார்த்து, சர்வீசருக்கு அனுப்பி, அவர் கடனின் வகை, கணக்கு எண், அசல் நிலுவை, பணம் அனுப்ப வேண்டிய முகவரி எல்லாம் நிரப்பித் திருப்பி அனுப்பி, பிறகு ஊதியக் கணக்குக்குப் போய்ப் பணம் வெளியே வர வேண்டும். எங்கே அறுகிறது என்றால், பெரும்பாலும் நடுவில். சர்வீசர் மாறிவிடுகிறார். 2021இலும் 2022இலும் மட்டும் ஃபெட்லோன் என்ற சர்வீசர் வெளியேறியது, நேவியன்ட்டிடம் இருந்த கல்வித் துறைக் கடன்கள் எயிட்வான்டேஜுக்குப் போயின, பி.எஸ்.எல்.எஃப். கணக்குகள் மொஹேலாவுக்குப் போயின. கணக்கு எண் மாறியது, முகவரி மாறியது. போன ஆண்டுப் படிவத்தைப் பார்த்து நிரப்பினால் பணம் பழைய முகவரிக்குப் போகிறது. திரும்பி வந்து மறுபடி அனுப்பப்படும்வரை வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.

ஃபோர்பேரன்ஸும் தானாக நீள்வதில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வீரர் பயிற்சிக் களத்திலோ கப்பலிலோ இருக்கும்போது அந்தக் கடிதம் அம்மா வீட்டு முகவரிக்கு வருகிறது. பிரிக்காமல் மேசையில் கிடக்கிறது. தவணை நிலுவை என்று பதிவாகிறது. 270 நாள் கட்டாமல் போனால் கடன் டிஃபால்ட் (கட்டத் தவறிய கடன்) ஆகிவிடும், டிஃபால்ட் ஆன கடனுக்கு இந்தத் திட்டம் பணம் தராது. அதோடு நிற்பதில்லை. பாதுகாப்பு அனுமதிக்கான ஆய்வில் நிதி நிலைமை ஒரு தனித் தலைப்பு. அரசு கட்டுவதாகச் சொன்ன கடன் கட்டப்படாததால், அதே அரசு அவருடைய நம்பகத்தன்மையைக் கேள்வி கேட்கும் நிலை வருகிறது.

பல சிறு கடன்களை ஒன்றாக்கினால் நல்லது என்று யாரோ சொல்ல, சேர்ந்த பிறகு ஒருங்கிணைப்பவர்கள் உண்டு. புதிய கடனுக்குப் புதிய தேதி விழுகிறது. முழுநேரப் படையில் சேரும் முன் வாங்கிய கடனுக்குத்தான் திட்டம் என்பதால், பழைய கடன்தான் இது என்று நிரூபிக்கும் வேலை வீரர் மேல் விழுகிறது. ஒருங்கிணைக்க வேண்டுமென்றால் சேர்வதற்கு முன் செய், இல்லையேல் தொடாதே. இந்த ஒரு வரியைப் பயிற்சி முகாமின் முதல் வாரத்தில் சொல்லிவிட்டால் எத்தனையோ பேர் தப்பிப்பார்கள்.

நேஷனல் கார்டில் கணக்கு வேறு. ஆண்டுக்கு அசலில் 15 சதவீதம் அல்லது 500 டாலர், எது அதிகமோ அது, ஆண்டுக்கு 7,500க்கு மேல் போகாது. ஆறாண்டு ஒப்பந்தம். ஆறு பதினைந்து தொண்ணூறு. வரியும் வட்டியும் இல்லாவிட்டால்கூட நூறு வராது. அதைவிட எங்களை உறுத்துவது கலிஃபோர்னியாவில் நடந்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க் காலத்தில் ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க ஊக்கத்தொகையும் கல்விக் கடன் உதவியும் தகுதி பார்க்காமல் வாரி வழங்கப்பட்டன. தவறு செய்தவர்கள் அலுவலர்கள், அதில் குற்ற வழக்கும் நடந்தது. ஆனால் பல ஆண்டு கழித்து, போருக்குப் போய் வந்த சுமார் 10,000 பேரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். 2016 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் இதை வெளியிட்ட சில நாட்களில் அன்றைய பாதுகாப்புச் செயலர் ஆஷ் கார்ட்டர் வசூலை நிறுத்த உத்தரவிட்டார். பத்திரிகை எழுதியதால் நின்றது. தகுதி உண்டா இல்லையா என்று பார்ப்பது பணம் கொடுப்பவரின் வேலை. உங்கள் அலுவலகம் ஒப்புதல் தந்து, வீரர் தம் பங்கு சேவையை முடித்துவிட்ட பிறகு, அந்த ஒப்புதல் தவறு என்று பின்னால் கண்டுபிடித்து அவரிடம் வசூலிக்க உங்களுக்கு எந்த நியாயமும் இல்லை.

ஒப்பந்தத்தைப் பாருங்கள். டி.டி. 4 படிவத்தில் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்: இதிலும் இதன் இணைப்புகளிலும் உள்ளவை மட்டுமே அரசின் வாக்குறுதி, வேறு யார் என்ன சொல்லியிருந்தாலும் செல்லாது. சட்டப்படி சரி. அப்படியானால் இணைப்பில் எல்லாம் இருக்க வேண்டும். உச்சவரம்பு எழுதியிருக்கிறது, வீரருடைய கடன்களின் பட்டியல் அதில் இல்லை. எந்தக் கடன் சேரும், எது சேராது, வரி போக ஆண்டுக்கு எவ்வளவு போய்ச் சேரும், எந்த மாதத்தில் போகும், ஒன்றும் இல்லை. 65,000 என்ற எண் மட்டும் பெரிதாக மனதில் நிற்கிறது.

பெற்றோர் பெயரில் உள்ள பேரண்ட் பிளஸ் கடன் தனிச் சிக்கல். நம் குடும்பங்களில் பிள்ளையின் 27,000 போதாமல் அப்பா பேரண்ட் பிளஸ் வாங்குவது சாதாரணம். 2024-25இல் அதன் வட்டி 9.08 சதவீதம். பணியில் சேர்வதற்கு முன் வாங்கிய கடனுக்கு 6 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்கிற படைவீரர் நிவாரணச் சட்டம், வீரர் தாம் பொறுப்பேற்ற கடனுக்குத்தான். அப்பா பெயரில் உள்ள கடனுக்கு அது வராது. பி.எஸ்.எல்.எஃப்.-உம் கடன் வாங்கிய பெற்றோரின் வேலையைத்தான் பார்க்கும், பிள்ளையின் ராணுவச் சேவையைப் பார்க்காது. பிள்ளைக்காக வாங்கிய பேரண்ட் பிளஸ் இந்தத் திட்டத்தில் அடங்குமா என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்காவிட்டால், பின்னால் வாதாட இடமில்லை.

கல்வித் துறைக்கு: உங்கள் பக்கத்திலும் குறை உண்டு. முழுநேர ராணுவப் பணி பி.எஸ்.எல்.எஃப்.-க்குத் தகுதியான வேலை. 120 தவணை கட்டினால் மிச்சம் தள்ளுபடி. வீட்டு வாடகைப் படியும் உணவுப் படியும் வரிக்குரிய வருமானத்தில் சேராததால் சிப்பாயின் மாதத் தவணை மிகக் குறைவாகவே வரும். கடன் அதிகமுள்ள, பத்தாண்டு இருக்க நினைக்கும் ஒருவருக்குக் கடன் அடைப்புத் திட்டத்தைவிட இது பல மடங்கு நல்லது. இருந்தும் 2021இல் அரசின் தணிக்கை அலுவலகமான காவோ சொன்னது என்ன? 2020 ஜனவரி வரை பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தவர்களில் 287 பேருக்குத் தள்ளுபடி கிடைத்தது, 5,180 பேருக்கு மறுக்கப்பட்டது. விண்ணப்பித்தவர்களில் 94 சதவீதம் பேருக்கு இல்லை என்ற பதில்.

ஃபோர்பேரன்ஸில் இருந்த மாதங்கள் தவணைக் கணக்கில் சேராது என்பது அப்போதைய விதி. பணிக்காகத் தவணையை நிறுத்தியவர் அதனாலேயே தள்ளுபடியை இழந்தார். 2021 அக்டோபரில் அந்த விதியை மாற்றினீர்கள், அது சரியான முடிவு. ராணுவம் ஆண்டுக்கு ஒருமுறை அனுப்பும் மொத்தத் தொகையை 12 தவணை வரை கணக்கில் எடுக்கலாம் என்றும் விதி இருக்கிறது. இவை வீரருக்குத் தெரிய வேண்டாமா?

தானாகச் செய்ய முடியாது, ஆவணம் வேண்டும் என்ற பதில் இனி செல்லாது. போர்ச்சூழல் பகுதியில் பணிபுரிபவரின் 2008 அக்டோபருக்குப் பிந்தைய நேரடிக் கடனுக்கு 60 மாதம் வரை வட்டி கிடையாது என்று சட்டம் நெடுங்காலமாகச் சொல்கிறது. வீரர் விண்ணப்பித்தால்தான் என்று வைத்திருந்தபோது 2020இல் அதைப் பெற்றவர்கள் சுமார் 4,800 பேர். இரு துறைகளும் தரவை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, 2021 ஆகஸ்டில் நீங்களே அறிவித்தீர்கள்: 47,000க்கும் மேற்பட்டவர்களுக்கு முன்தேதியிட்டு வட்டி நீக்கம். பத்தில் ஒருவருக்குத்தான் அதுவரை கிடைத்துக்கொண்டிருந்தது. ஒரே சட்டம், ஒரே வீரர்கள், படிவத்தை எடுத்துவிட்டதும் பணம் போய்ச் சேர்ந்தது. 6 சதவீத வட்டி வரம்புக்கும் சர்வீசர்கள் ராணுவத் தரவுத்தளத்தைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். கடன் அடைப்புத் திட்டத்துக்கு மட்டும் ஏன் இன்னும் டி.டி. 2475?

எங்கள் கோரிக்கைகள் இவை.

ஒப்பந்த இணைப்பில், சேர்பவரின் கூட்டாட்சிக் கடன் பட்டியலைக் கல்வித் துறையின் பதிவிலிருந்து எடுத்து ஒட்டுங்கள். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே சேரும், சேராது என்று எழுதுங்கள், பேரண்ட் பிளஸ் உட்பட. வரி போக ஆண்டுக்கு எவ்வளவு கடனுக்குப் போகும், ஒப்பந்தம் முடியும்போது எவ்வளவு மிச்சம் நிற்கும் என்பதை டாலரில் காட்டுங்கள். விளம்பரத்திலும் 65,000 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், வரி பிடிக்கப்படும் என்று போடுங்கள்.

கடன் அடைப்புத் திட்டம், போஸ்ட் 9/11 ஜி.ஐ. பில், பி.எஸ்.எல்.எஃப். மூன்றையும் ஒரே தாளில் ஒப்பிட்டுக் காட்டி, அதைப் படித்ததாகத் தனிக் கையெழுத்து வாங்குங்கள். பட்டதாரி என்றால் அதிகாரிப் பயிற்சி வழியும் அந்தத் தாளில் இருக்கட்டும். இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

டி.டி. 2475ஐ வீரர் தொடங்க வேண்டிய நிலையை நீக்குங்கள். சேவை ஆண்டு நிறைந்த தேதி உங்களிடம் இருக்கிறது, இன்றைய சர்வீசர் யார் என்பது கல்வித் துறையிடம் இருக்கிறது. 2021இல் இணைந்து செய்ததை இதற்கும் செய்யுங்கள். ஆண்டு நிறைந்து 30 நாட்களுக்குள் பணம் போகாவிட்டால் அதற்குப் பிறகு ஏறும் வட்டியைத் துறையே ஏற்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் ஃபோர்பேரன்ஸ் ஒரே முறையில் பதிவாக வேண்டும், வீரர் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் நீக்குங்கள்.

சேர்ந்த பிறகு ஒருங்கிணைத்த கடனில், சேர்வதற்கு முந்தைய கடனின் பங்கு கல்வித் துறைப் பதிவிலேயே இருக்கிறது. அந்தப் பங்கைத் தானாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடன் அடைப்புத் தொகைக்கு வரிவிலக்குக் கேட்டு, அடுத்த பாதுகாப்பு அங்கீகார மசோதாவுக்கான உங்கள் சட்டப் பரிந்துரைகளில் சேருங்கள். ஹெல்த் சர்வீஸ் கோருக்குக் கொடுத்த அதே வாசகம் போதும்.

அலுவலகப் பிழையால் தவறாக வழங்கப்பட்ட தொகையை, சேவையை முடித்த வீரரிடம் வசூலிப்பதில்லை என்று விதியாக எழுதுங்கள். வீரரே பொய் சொல்லி வாங்கியதாக நிரூபணமானால் மட்டும் விலக்கு.

கடைசியாக, கையெழுத்துக்கு முன் இந்த இணைப்பின் நகலைக் குறைந்தது மூன்று நாள் வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதியுங்கள். பேரண்ட் பிளஸ் கடனுக்குப் பொறுப்பான அம்மா அப்பாவும் படித்துக் கேள்வி கேட்கட்டும். அவர்கள் கேட்கும் கேள்விக்கு எழுத்தில் பதில் தர ஒவ்வொரு ஆள்சேர்ப்பு நிலையத்திலும் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அதே இணைப்பில் போடுங்கள்.

இப்படிக்கு,
கல்விக் கடனோடு ராணுவத்தில் சேர்ந்த பிள்ளைகளின் குடும்பங்களுக்குப் படிவ வேலையில் உதவுபவர்கள்